பாலக்கரை மயிலம்மாளின் வாயும் காதும்

மயிலம்மாள் எனக்கு ஓரகத்தி. அவள் வீட்டுக்காரர் சின்னையா மூத்தவர், என் வீட்டுக்காரர் அவருக்குத் தம்பி. பாலக்கரையில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் அவளோடு காலம் தள்ளியவள் நான். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு சொல்லவும் உரிமை உண்டு.

அக்காவிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வாய் ஒன்றைத் தவிர. காய்காரி கூடையை இறக்கும் முன்பே கத்தரிக்காய் விலையை இவளே சொல்லி, இவளே பேரம் பேசி, இவளே முடித்தும் விடுவாள். எனக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், "என்னம்மா பண்ணுது?" என்று அவர் என்னைத்தான் கேட்பார். பதில் அக்காவிடமிருந்து வரும். தலை என்னுடையது, வலி எந்தப் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஆனால் பாதி நேரம் அவள் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் அவளைக் கெடுத்தது.

இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு அவளுக்கு வீடு போதவில்லை. மூத்தாரும் என் வீட்டுக்காரரும் விடிவதற்குள் வாழைக்காய் மண்டிக்குப் போய்விடுவார்கள். எஞ்சியது நான் ஒருத்தி. எத்தனை நேரம்தான் என் காது தாங்கும்? பொன்மலைப் பக்கம் மாதர் சங்கத்தார் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் நடத்தினார்கள். அங்கே மத்தியானத்தில் போய்ப் பிள்ளைகளுக்குத் தலை வாரி, பேன் பார்த்து, கதை சொல்லிவிட்டு வர ஆரம்பித்தாள். சம்பளம் கிடையாது. "ஊரான் பிள்ளைக்கு ஈரு எடுக்கப் போறாளாம்" என்று தெருவில் கேலி பேசினார்கள். நான் பேசவில்லை. எனக்கு மத்தியானம் தூங்கக் கிடைத்தது.

பிள்ளைகளுக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவள் போகிற நாளில் வாசல் கம்பிக் கதவில் தொற்றிக்கொண்டு நிற்பார்கள்.

அறுபத்து நாலில் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தலைமுறையாக அங்கே கடை வைத்தும் ஆலையில் உழைத்தும் பிழைத்தவர்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கட்டிய துணியோடு வந்தார்கள். திருச்சிக்கு வெளியேயும் அவர்களுக்கு முகாம் போட்டிருந்தார்கள். அந்த முகாமில் மஞ்சள் காமாலை வந்து செத்துப் போனவர் அம்மாசி என்பவர். லால்குடிப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலேயே கப்பலேறியவர். ஊரில் ஏதோ பங்காளி இருந்தானாம். பிள்ளைகளைப் பார்த்ததும், அப்படி யாரையும் தெரியாது என்று கையை விரித்துவிட்டான். அந்த இரண்டு பிள்ளைகளையும் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்கள்.

பெண் பெரியவள், பத்து வயதிருக்கும். அப்பாவின் தாயார் பெயரை வைத்து ராக்கம்மாள், கூப்பிடுவது ராக்கு. தம்பி மருதைக்கு நாலு முடிந்து ஐந்து நடந்தது. கண்ணும் கன்னமும் நம் பக்கத்துச் சாயலாக இல்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. ராக்கு தம்பியின் மணிக்கட்டை விடவே மாட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் வலது கை சோற்றில், இடது கை தம்பி மேல். தூங்கும்போதும் அப்படித்தான்.

வந்த அன்றைக்கே அக்காவிடம் அவள், "எங்கம்மா வருவாங்க" என்றாள்.

நிலையத்தின் வார்டன் லூர்துராணி நல்ல மாதிரி. கல்யாணம் காட்சி இல்லாமல் அந்தப் பிள்ளைகளோடேயே இருந்துவிட்டவள். அவள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாப் பிள்ளையும் வந்த புதுசுல இதத்தாங்க சொல்லும். நாம ஆமாம்னு தலையாட்டினா, அப்புறம் அதுங்களுக்குத்தான் கஷ்டம். மெல்ல மறக்க வைக்கணும்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பர்மாக் கப்பலில் பிள்ளைகளோடு அம்மா வரவில்லை, முகாமிலும் இல்லை. அப்படியானால் செத்துத்தான் போயிருப்பாள் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

மறக்க வைக்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். வாய் இருக்கவே இருக்கிறது.

"அம்மா எங்கயும் போகலைடா கண்ணு. மேலேருந்து உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க."

"மேல இல்ல பெரியம்மா. அவங்க வந்து…"

"ஆமாண்டா, நம்ம மனசுலதான் இருக்காங்க" என்று அக்காவே முடித்துவிட்டாள்.

இது ஏதோ ஒரு நாள் நடந்ததல்ல. ராக்கு ஆரம்பிப்பதும் அக்கா முடிப்பதுமாக மாதக் கணக்கில் போயிற்று. வீட்டுக்கு வந்து, "அந்தப் பொண்ணு மனசு கொஞ்சங் கொஞ்சமா தேறுதுடி" என்பாள். நான் புடைத்துக்கொண்டே 'ம்' போடுவேன்.

உப்பிலியபுரத்திலிருந்து நல்லுசாமியும் அவர் மனைவி பொன்னுத்தாயும் வந்தது மறு வருஷம் சித்திரையில். வெங்காயமும் கடலையும் போடுகிற குடும்பம், கிணற்றில் புது மோட்டார் போட்டிருந்தார்கள். பிறந்த பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. தத்து எடுக்க ஒரு பையன் வேண்டும் என்று வந்தார்கள். பொன்னுத்தாய் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த கடலை உருண்டையை மருதை தானாகப் போய் எடுத்துத் தின்றான். அவ்வளவுதான். பொன்னுத்தாய் அழுதுவிட்டாள்.

"அக்காளும் தம்பியுமா சேர்த்து எடுத்துக்குங்களேன்" என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். நல்லுசாமி தலையைச் சொறிந்தார். "பொட்டப் புள்ளையயும் வளத்துக் கட்டிக் குடுக்க நமக்குத் தெம்பு இல்லீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளைக்காவது வீடு வாசல் கிடைக்கிறதே என்றுதான் அக்கா நினைத்தாள்.

ஆனால் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பெற்றவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்துவிட்டுத்தான் பையனை ஊருக்குள் கூட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் செத்தவள் பிள்ளையைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வருவாளாம். ஏற்கெனவே பிள்ளை தங்காத வீடு, அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்தில் வைத்துச் செய்துவிடலாம் என்று அக்காதான் நாள் குறித்தாள். ராக்குவிடமும் அவளேதான் சொன்னாள். சொன்னாள் என்றால், ராக்குவின் கேள்விகளையும் அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அன்றைக்கு அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் படித்துறையை அறைந்துகொண்டு போனது. ஈரத் துணியும் எள்ளும் வாழை இலையுமாகப் படியெல்லாம் வழுக்கிற்று. வாத்தியார்கள் ஒரு கும்பலை எழுப்பிவிட்டு அடுத்த கும்பலை உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லுசாமியும் பொன்னுத்தாயும் மேல் படியில் ஒதுங்கி நின்றார்கள். நானும் போயிருந்தேன்.

ராக்கு அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"தெரியும்டா. தம்பியப் பிரியணுமேன்னு இருக்கு. உப்பிலியபுரம் என்ன சீமையிலயா இருக்கு? துறையூர் பஸ்ஸுல ஏறினா…"

"அது இல்ல பெரியம்மா."

"தண்ணியப் பாத்தா பயமா இருக்கா? நான் பிடிச்சுக்கறேன், வா."

எங்கள் முறை வந்தது. மருதையைப் பலகையில் உட்கார்த்தினார்கள். ராக்கு பக்கத்தில் குந்தினாள். வாத்தியார் வயதானவர், குரல் கம்மியிருந்தது. சின்னப் பையன் என்பதால் அக்காளைப் பார்த்தே கேட்டார். "தகப்பனார் பேர் என்ன குழந்தே?"

"அம்மாசி."

"தாயார் ஜீவிச்சிண்டு இருக்காளா?"

ராக்கு வாயைத் திறந்தாள். "இல்லீங்க சாமி, ரெண்டு பேருமே இல்ல" என்று அக்கா சொன்னாள்.

"தாயார் பேர் என்ன?"

இந்தத் தடவை அந்தப் பெண் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். வாத்தியார் இரண்டாம் முறை கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. பின்னால் கும்பல் நெருக்கியது. "சின்னப் புள்ள, மறந்துபோச்சு சாமி" என்றாள் அக்கா.

"அதனாலென்ன, பாதகமில்லை. பேர் தெரியாட்டா ரங்கநாயகின்னே சொல்லி விட்டுடலாம். லோகத்துக்கே தாயார் ஆச்சே" என்று அவர் மந்திரத்தை எடுத்தார்.

மருதையின் உள்ளங்கையில் எள்ளை வைத்து, அடியில் தன் கையைக் கொடுத்து, அக்கா தண்ணீர் விட்டாள். அவனுக்கு அது விளையாட்டாக இருந்தது, சிரித்தான். ராக்கு தம்பியின் மணிக்கட்டை விட்டுவிட்டு எழுந்தாள். நாலு படி ஏறிப்போய் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவள் அந்தக் கையை விட்டதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பாத்தியா, மனசத் தேத்திக்கிட்டா" என்று அக்கா என் காதில் சொன்னாள்.

அங்கிருந்தே மருதையை அழைத்துப் போய்விட்டார்கள். கோர்ட்டில் எழுதுவதற்கு முன் சில மாதம் வைத்துப் பார்க்கட்டும் என்று நிலையத்தில் ஏற்பாடு. பொன்னுத்தாயின் இடுப்பில் கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு அவன் போனான். ராக்கு திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அழுகை இல்லை, அடம் இல்லை, கோபம்கூடக் காட்டவில்லை. தட்டில் போட்டால் சாப்பிடுவாள். கூப்பிட்டால் வருவாள். வாய் மட்டும் திறக்காது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா அடித்துப் பார்த்தாள், அதற்கும் இல்லை. லூர்துராணி பயந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்து காட்டினாள். தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார் அவர். அக்கா தன் கைவைத்தியத்தைச் செய்தாள். பேசினாள், இன்னும் பேசினாள். சாமி கதை, ஊர்க் கதை, பிறந்த வீட்டுக் கதை எல்லாம் தீர்ந்து, என் கதையையும் சொல்லியிருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்பாதவர்கள் அவளோடு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும். முகம் ஒரு பக்கம் பூசணிக்காயாகிவிட்டது. பல்லைப் பிடுங்கிய டாக்டர், சீழ் வைத்திருக்கிறது, நான் சொல்லும் வரை வாயே திறக்கக் கூடாது என்று கண்டித்து, தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டி அனுப்பினார். மூத்தார் அன்றைக்கு மண்டியில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

இரண்டு நாள் வீட்டில் கிடந்தாள். மூன்றாம் நாள் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டினாள். பேச முடியாதவளை எப்படித் தனியாக அனுப்புவது? நானும் கூடப் போனேன்.

நிலையத்துச் சாமான் அறையில் ரேஷன் அரிசி வந்திருந்தது. பாதி கல். லூர்துராணி ஆளுக்கு ஒரு முறம் கொடுத்தாள். ராக்குவும் எங்களோடு உட்கார்ந்தாள். மூன்று பேரும் கல் பொறுக்கினோம். அக்காவுக்கு அது சித்திரவதை. வாயிலிருந்து வர வேண்டியதெல்லாம் விரலுக்கு வந்து, அரிசியையும் சேர்த்து வீசிக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. முறம் சரசரப்பதைத் தவிர அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"வலிக்குதா பெரியம்மா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆடி அமாவாசைக்குப் பிறகு அந்தப் பெண் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? ராக்கு குனிந்து இன்னும் கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எள்ளுத் தண்ணி விட்டா, உசிரோட இருக்கறவங்க செத்துருவாங்களா?"

"சீ, என்ன பேச்சு இது, யாரு…" என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், கன்றிப்போய்விட்டது. நானும் வாயை மூடினேன். மறுபடியும் முறம் மட்டும் சரசரத்தது. அக்கா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருவர் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"எங்கம்மா ரங்கூன்ல இருக்காங்க" என்றாள் ராக்கு.

நின்று நின்று, நடுவில் கல் பொறுக்கிக்கொண்டு சொன்னாள். அவள் அம்மா பர்மாக்காரி. கோயில் வாசலில் பூ விற்கிறவள். கப்பலேறும் நாளில் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் காகிதம் இருந்தது, அந்த ஊர்க்காரியான அம்மாவுக்கு இல்லை. அடுத்த கப்பலுக்குள் எப்படியாவது வாங்கிவிடுகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்று துறைமுக வாசல் வரை வந்தாள். அங்கே பெண்ணிடம் தம்பியின் கையைப் பிடித்துக் கொடுத்து, விட்டுவிடாதே, நானே வந்து உன் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். முகாமுக்கு வந்ததும் அப்பா படுத்தார். எழுந்ததும் அம்மாவை வரவழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "இத ஏன்டி கண்ணு முன்னாடியே சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சொன்னேனே. தினமும் சொன்னேனே."

அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடைத் துணி நனைந்தது. அவள் துடைக்கவில்லை.

"அந்தச் சாமி பேரு கேட்டப்ப மட்டுந்தான் சொல்லல" என்றாள் ராக்கு. "பேரச் சொன்னா தண்ணி அங்க போய்ச் சேந்துரும்ல? அதான். ஆனா தம்பியக் குடுத்துட்டேன். அம்மா வந்தா என்ன சொல்றது பெரியம்மா?"

அக்கா முறத்தைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். கட்டிப் பிடிக்கவில்லை, தலையைத் தடவவில்லை. வெறுமனே பக்கத்தில் இருந்தாள். திரும்பி வரும்போது ஜட்காவில், டாக்டர் சொன்னதை மீறி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "இல்லீங்க சாமின்னு நான்தான்டி சொன்னேன்."

விஷயம் தெரிந்ததும் லூர்துராணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, சென்னையில் யார் யாருக்கு எழுதலாம் என்று பார்க்கப் போனாள். தாடைக் கட்டை அவிழ்த்த அன்றைக்கே, மருதையைத் திரும்பக் கேட்க நான் போகிறேன் என்றாள் அக்கா. மூத்தார் சத்தம் போட்டார். "அந்த அம்மா எங்க இருக்காளோ, வருவாளோ மாட்டாளோ. இங்க ஒரு குடும்பம் இப்பத்தான் சிரிக்குது. அதுல போய் மண்ண அள்ளிப் போடப் போறியா?" ஆனாலும் போனோம், ராக்குவையும் கூட்டிக்கொண்டு.

துறையூர் தாண்டியதும் பச்சைமலை தெரிந்தது. பஸ் முழுக்க அக்காவின் உதடு அசைந்துகொண்டே வந்தது. பொன்னுத்தாயிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை.

வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் மருதை ஓடி வந்தான். மொட்டை போட்டு, காது குத்தியிருந்தார்கள். தேறியிருந்தான். "அக்கா, எங்க வீட்டுல கன்னுக்குட்டி இருக்கு, வா காட்டறேன்" என்றான். ராக்கு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் உருவிக்கொண்டு கன்றுக்குட்டியைக் காட்ட ஓடினான்.

காப்பி கொண்டு வந்த பொன்னுத்தாய், எங்கள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். அக்கா ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். ராக்குவே பேசினாள். சாமான் அறையில் சொன்னதை, அதே நிறுத்தி நிறுத்திச் சொல்லும் முறையில், கூடக் குறையாமல் சொன்னாள். பொன்னுத்தாய் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது.

நல்லுசாமிதான் குதித்தார். "தண்ணி விட்டாச்சு, மொட்ட போட்டாச்சு, ஊரக் கூட்டிச் சோறு போட்டாச்சு. இப்ப வந்து அவ உசிரோட இருக்கான்னா என்ன அர்த்தம்? வெளையாடறீங்களா?"

"தப்பு என்னுதுங்க" என்றாள் அக்கா. "புள்ள சொல்லிச்சு. நான் காதுல வாங்கல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அவர் போனதும் பொன்னுத்தாய் அக்காவின் முன்னால் வந்து நின்றாள். சத்தமே போடவில்லை.

"நீங்களாத்தான் குடுத்தீங்க. இப்ப நீங்களாவே வந்து நிக்கறீங்க. நடுவுல என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?"

அக்கா பேசப் போகிறாள் என்று நான் நினைத்தேன். கடவுள், விதி, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும், எல்லாம் வரிசையாக அவள் தொண்டையில் நிற்பது எனக்குத் தெரியும்.

"கேக்கலம்மா" என்றாள். "இப்பச் சொல்லு." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னுத்தாய் சொன்னாள். பிறந்து தங்காத மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாளாம், வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. யாரிடம் வாயெடுத்தாலும் அடுத்தது நிற்கும் என்று சொல்லி அடைத்துவிட்டார்களாம். மருதை முதல் தடவை அம்மா என்று கூப்பிட்டபோது பால் கறந்துகொண்டிருந்தாளாம், செம்பைக் கவிழ்த்துவிட்டாளாம். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போயிற்று. எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அக்கா அசையவில்லை. அவள் வாய் இரண்டு மூன்று தடவை திறந்து, சும்மா மூடிக்கொண்டது. பல் பிடுங்கியபோதுகூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை.

சொல்லி முடித்ததும் பொன்னுத்தாய் எழுந்துபோய் மருதையைக் குளிப்பாட்டினாள். அவனுக்கு வாங்கிய சட்டைகளை மஞ்சள் பையில் மடித்து வைத்தாள். பையை அக்காவிடம் கொடுக்கவில்லை, ராக்குவிடம் கொடுத்தாள்.

"உங்கம்மா பேரு என்ன கண்ணு?"

ராக்கு கொஞ்சம் யோசித்தாள். "மா தின்" என்றாள். நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத பெயர்.

"அவங்க வந்தா எனக்கு ஆள் விட்டு அனுப்பு. இவன் இங்க என்ன தின்னான், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான், கன்னுக்குட்டியோட என்ன பேசினான், எல்லாத்தையும் நான்தான் அவங்ககிட்டச் சொல்லணும்" என்றாள் பொன்னுத்தாய். பிறகு எங்களைப் பார்த்தாள். "வேற யாரும் சொல்லப்படாது."

அடுத்த பஸ்ஸில் மருதை துறையூர் வரை அழுதான். அம்மா, அம்மா என்று அவன் கதறியது பொன்னுத்தாய்க்காக. பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பிள்ளை பிடிக்கிறவர்களைப் போல் பார்த்தார்கள். அக்கா அவனைச் சமாதானம் செய்யவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டாள். நாங்கள் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

மா தின் வரவில்லை. சென்னையிலிருந்து, விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வரும். பிறகு அதுவும் நின்றது. புதிதாக யாராவது பர்மாவிலிருந்து திருச்சிக்கு வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் அக்கா கிளம்பிவிடுவாள். அவர்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அவர்கள் சொந்தத் துயரமெல்லாம் சொல்லித் தீரும் வரை காத்திருப்பாள். அந்தப் பெயரில் பூக்காரி ஒருத்தியைப் பார்த்தேன் என்றார் ஒருவர். அவள் வடக்கே ஏதோ ஊருக்குப் போய்விட்டாள் என்றார் இன்னொருவர். நிறையப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டதை அப்படியே ராக்குவிடம் போய்ச் சொல்வாள். முன்பெல்லாம் என்றால் இரண்டு வார்த்தை இனிப்பாகச் சேர்த்திருப்பாள். அதற்காக வீட்டிலும் திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கத்தரிக்காய் விலையை இன்னமும் அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்லுசாமி காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் ஏற்றி வரும்போதெல்லாம் பொன்னுத்தாயும் கூட வந்து நிலையத்தில் மருதையைப் பார்த்துவிட்டுப் போவாள். அறுபத்தெட்டில் அப்படி ஒரு நாள் வந்திருந்தாள். மருதை பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரவில்லை. ராக்கு நன்றாக வளர்ந்துவிட்டாள், வராந்தாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னிக்கொண்டிருந்தாள். அக்காவும் நானும் எதிரில் இருந்தோம். பொன்னுத்தாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ராக்கு, மூணு வருசம் ஆச்சு. எனக்கும் ஒவ்வொண்ணா மறந்துகிட்டே வருது. உங்கம்மாவுக்குச் சொல்லணும்னு வச்சிருந்தத உங்கிட்டயே சொல்லிடறேன். நீ கேட்டுக்க கண்ணு."

ராக்குவின் கை பின்னலில் நின்றது. அம்மா இனி வரமாட்டாள் என்பதைத்தான் பொன்னுத்தாய் அப்படிச் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் சின்னம்மா" என்றாள். "மறந்தது போகட்டும். மிச்சம் இருக்கறத அவங்க வந்ததும் அவங்ககிட்டயே சொல்லுங்க."

பொன்னுத்தாய், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்பது போல் அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கு அந்தக் குழந்தையின் பின்னலை முடித்து, ரிப்பன் கட்டி எழுப்பி அனுப்பிவிட்டு, அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.